பதினைந்து ஆம்பியர் நீலம்

மார்ச் 2, ஞாயிறு

கழுகுமலைக்குப் போகலாம் என்று காலையில் புறப்பட்டோம். வேன் கிளம்பவில்லை. சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்க மாட்டேன் என்கிறது. பெட்ரோல் இருக்கிறது. பேட்டரியிலும் குறையில்லை, முன்விளக்கு நன்றாக எரிகிறது. அதற்கு மேல் என்ன பார்ப்பது என்று தெரியவில்லை. கல்லூரியில் இத்தனை ஆண்டுகள் வேதியியல் நடத்தியவனுக்கு ஒரு வண்டி ஏன் நிற்கிறது என்று தெரியாதது வெட்கம்தான்.

மெக்கானிக் சவரிமுத்து வந்தார். ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள ஃபியூஸ் பெட்டியைத் திறந்து, நீல நிற ஃபியூஸ் ஒன்றைப் பிடுங்கி வெளிச்சத்தில் காட்டினார். உள்ளே இருக்கும் மெல்லிய தகடு உருகி அறுந்திருந்தது. எஞ்சினுக்குப் பெட்ரோல் அனுப்பும் பம்புக்கு உரிய பதினைந்து ஆம்பியர் ஃபியூஸ். சீட்டுக்கு அடியில் ஒரு வயர் தகரத்தில் உரசி உறை தேய்ந்திருந்தது. டேப் சுற்றி, புது ஃபியூஸ் போட்டார். ஒரே திருப்பலில் கிளம்பியது. ஆனால் அதற்குள் வெயில் ஏறிவிட்டது. அடுத்த ஞாயிறு போகலாம் என்றாள் என் மனைவி ஆவுடை.

மார்ச் 4, செவ்வாய்

அதே நீல ஃபியூஸில் சில வாங்கி வைத்தேன். கருகியதை எறிய மனம் வரவில்லை. காலி மாத்திரை டப்பா ஒன்றில் போட்டு, 'கெட்டவை' என்று எழுதி ஒட்டி, மேசையில் வைத்திருக்கிறேன். பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க உதவலாம்.

எட்டுப் பேர் உட்காரும் வேன் இது. மகன் குமரேசனுக்கு இரண்டாவது குழந்தை பிறந்தபோது வாங்கினோம். ஓசூரிலிருந்து அவர்கள் வரும்போது எல்லோரும் ஒன்றாகப் போய்வரலாம் என்று. வரும் மே மாதம் எல்லோரும் திருச்செந்தூர் போவதாகப் பேச்சு. வருடத்தில் மற்ற நாட்களில் ஆவுடையும் நானும் மட்டும் முன்னால் உட்கார்ந்து, பின்னால் இருக்கும் காலி இருக்கைகளையும் இழுத்துக்கொண்டு போகிறோம்.

மார்ச் 9, ஞாயிறு

கழுகுமலை போய்வந்தோம். வண்டி நன்றாக ஓடியது. திரும்பும் வழியில் ஒரு சைக்கிள்காரர் இடப்பக்கம் திடீரென்று முளைத்தார். ஆவுடை கத்தியதும் பிரேக் போட்டேன். அவர் கீழே விழவில்லை. காலை ஊன்றி நின்றுகொண்டு என்னைப் பார்த்துச் சொன்னதை இங்கே எழுத முடியாது. இப்போதெல்லாம் யாரும் சாலை விதிகளைப் பார்ப்பதில்லை.

வீடு வரும்வரை ஆவுடை பேசவே இல்லை. வெயில் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைக்கிறேன்.

மார்ச் 10, திங்கள்

இன்று ஒரு வியப்பு. நான் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது ஆவுடை ஈரக்கையோடு வந்து நின்று, "அந்தச் சின்னப் பெட்டியில எது எதுக்குங்க?" என்று கேட்டாள். மணமான நாளிலிருந்து அவள் எந்த இயந்திரத்தைப் பற்றியும் என்னிடம் கேட்டதில்லை. ஃபியூஸ் என்பது என்ன, மின்சாரம் அதிகமானால் மற்றதைக் காப்பதற்காக அது எப்படித் தன்னை அறுத்துக்கொள்கிறது என்றெல்லாம் விளக்கினேன். எதைக் கழற்றினால் எது நிற்கும் என்று காட்டினேன். கல்லூரியில்கூட யாரும் இவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை.

"கருகுனதப் போட்டா வண்டி ஓடாது, அப்படித்தான?" என்றாள். சரியாகப் புரிந்துகொண்டாள் என்று பாராட்டினேன்.

மார்ச் 16, ஞாயிறு

ஹாரன் அடிக்கவில்லை. பெட்டியைத் திறந்து பார்த்தால் ஹாரனுக்கான ஃபியூஸ் கருகியிருக்கிறது. அதுவும் பதினைந்து, அதுவும் நீலம். பம்பு ஃபியூஸுக்குப் பக்கத்து இடம். புதிது போட்டேன், அடித்தது. "சரியாயிட்டு" என்று ஆவுடையிடம் சொன்னேன். "ஓ" என்றாள். முகத்தில் மகிழ்ச்சி தெரியவில்லை.

மார்ச் 20, வியாழன்

இன்று அவளுடைய தைராய்டு பரிசோதனைக்குத் திருநெல்வேலி போக வேண்டும். வண்டி கிளம்பவில்லை. மறுபடியும் பம்பு ஃபியூஸ். புதிது போட்டு ஓட்டிவிடலாம்தான். ஆனால் ஃபியூஸ் அறுகிறது என்றால் எங்கோ மின்கசிவு இருக்கிறது என்று பொருள். காரணம் தெரியாமல் ஃபியூஸை மட்டும் மாற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் ஏறுவது முறையல்ல. சவரிமுத்து பார்த்துச் சொல்லும்வரை வண்டியை எடுப்பதில்லை என்று முடிவு செய்தேன். ஆவுடை மறுப்புச் சொல்லவில்லை.

எதிர்வீட்டு மரியசெல்வம் அப்போதுதான் கார் சாவியைச் சுழற்றிக்கொண்டு வெளியே வந்தார். ரயிலில் எஞ்சின் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் குரலுக்கு எனக்குக் கொஞ்சம் பயம்.

"என்ன சார்வாள், தேர் இன்னைக்கு நிலைய விட்டு நகரலியா? வாங்க, நானும் திருநெல்வேலிதான் போறேன். தங்கச்சி, பின்னால ஏறும்மா."

நல்ல நேரத்தில் வந்தார். வெயிலுக்கு முன்பே குளித்து, சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். திருநெல்வேலியில் அவருக்கு என்ன வேலை என்று கடைசிவரை தெரியவில்லை. மருத்துவமனை வாசலில் எங்களுக்காக உட்கார்ந்தே இருந்தார்.

மார்ச் 23, ஞாயிறு

சவரிமுத்து வந்து எல்லா வயரையும் பார்த்தார். கசிவு இல்லை. "லூஸ் காண்டாக்ட் சார், வெயில் காலத்துல அப்படித்தான்" என்கிறார். வெயிலுக்கும் ஃபியூஸுக்கும் என்ன தொடர்பு என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. தொழில் தெரிந்தவர்.

இடது கதவில் யாரோ நீளமாகக் கோடு போட்டிருக்கிறார்கள். ஆணியாக இருக்கும். மரியசெல்வம் வீட்டு வாசல் தூணிலும் பூச்சு பெயர்ந்திருக்கிறது. தெருப்பையன்கள் வேலை என்று அவரிடம் சொன்னேன். அவர் தூணையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எங்க டிபார்ட்மெண்டுல குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு தடவ கண்ணு டெஸ்ட் சார்வாள். கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தா எஞ்சின விட்டு இறக்கி ஆபீஸ்ல உக்கார வச்சிருவான். அழுதவனையும் பாத்திருக்கேன்."

எதற்காக அதைச் சொன்னார் என்று விளங்கவில்லை. வயதாகிவிட்டால் பழைய வேலையைப் பற்றிப் பேசத் தோன்றும் போலிருக்கிறது.

மார்ச் 28, வெள்ளி

கண் மருத்துவமனையிலிருந்து போன் செய்தார்கள். நான் போக வேண்டிய நாள் தாண்டிவிட்டதாம். கழுத்து வலி சரியானதும் வருகிறேன் என்றேன். இடப்பக்கம் திரும்பினால் கழுத்து பிடிக்கிறது. வண்டியில் போகும்போது இடப்பக்கத்தை ஆவுடையைத்தான் பார்க்கச் சொல்கிறேன்.

போன முறை அங்கே ஒரு கருவிக்குள் முகத்தை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். நான் உறுதியாகத் தெரிந்தபோது மட்டும் அழுத்தினேன். சந்தேகத்துடன் அழுத்துவது தவறான தரவைத் தரும். 'ரொம்பக் கம்மியா அழுத்தியிருக்கீங்க' என்றாள் அந்தப் பெண். என் கவனத்தை அவள் குறையாக எடுத்துக்கொண்டுவிட்டாள்.

ஏப்ரல் 3, வியாழன்

மறுபடியும் பம்பு. மறுபடியும் மரியசெல்வத்தின் கார்.

ஏப்ரல் 6, ஞாயிறு

ஃபியூஸ் பெட்டிக்குள் மூக்கை வைத்தால் ஒரு வாசனை வருகிறது. பெருங்காயம். முதலில் நம்பவில்லை, மூடிவிட்டு மறுபடி திறந்து பார்த்தேன். அதேதான்.

யோசித்தேன். ரப்பரை இறுக்கக் கந்தகம் சேர்ப்பார்கள். பெருங்காயத்தின் வாசனைக்கும் கந்தகச் சேர்மங்களே காரணம். ஆகவே எங்கோ வயரின் உறை சூடேறி உருகுகிறது. ஒரு நல்ல தடயம் கிடைத்ததில் மனதுக்குத் தெம்பாக இருந்தது. சவரிமுத்துவை வரச்சொன்னேன்.

"வயர்ல ரப்பர் எங்க சார் வருது இப்ப, எல்லாம் பிளாஸ்டிக்" என்றபடி குனிந்து முகர்ந்தார். பிறகு நிமிர்ந்து எங்கள் சமையலறை ஜன்னலைப் பார்த்தார். ஆவுடை உள்ளே தாளித்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா சார். கருகுன வாசனதான்" என்றார்.

என் ஊகத்தை அவரும் ஒப்புக்கொண்டது ஆறுதல். ஆனால் எந்த இடம் கருகுகிறது என்று அவராலும் சொல்ல முடியவில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

இன்று எழுதவே தயக்கமாக இருக்கிறது.

'கெட்டவை' டப்பாவைத் திறந்தேன். கருகிய ஃபியூஸ்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றும் எந்த இடத்தில் அறுந்திருக்கிறது என்று ஒப்பிட நினைத்தேன். உள்ளே ஒன்றுதான் இருந்தது. ஒவ்வொரு முறையும் கழற்றியதை அதில்தான் போட்டேன். போட்டதாக நினைவு. மேசை இழுப்பறை, சட்டைப்பை, குப்பைக்கூடை எல்லாம் தேடிவிட்டேன்.

"நீ எறிஞ்சிட்டியா?" என்று ஆவுடையைக் கேட்டேன்.

"உங்க டப்பாவ நான் எதுக்குத் தொடுறேன்?"

"அப்போ நான்தான் எங்கயோ எறிஞ்சிருக்கணும். நினைவே இல்ல. எனக்கு ஞாபகம் போகுதோ என்னமோ, ஆவுடை. என் அப்பாவுக்கும் இந்த வயசுலதான ஆரம்பிச்சது."

அவள் உள்ளே போய்விட்டாள். தனிம அட்டவணையை முதலிலிருந்து மனதுக்குள் சொல்லிப்பார்த்தேன். பாதியைத் தாண்டியதும் ஓரிடத்தில் தடுமாறினேன். அது முன்பே அப்படியா, இப்போதுதான் அப்படியா என்று தெரியவில்லை.

சாயங்காலம் விசேஷம் ஒன்றும் இல்லாமலேயே எனக்குப் பிடித்த பால் கொழுக்கட்டை செய்திருந்தாள். கண் சிவந்திருந்தது. வெங்காயம் நறுக்கினேன் என்றாள். பால் கொழுக்கட்டைக்கு வெங்காயம் எதற்கு என்று பிறகுதான் தோன்றியது. சமையல் விஷயம் எனக்கென்ன தெரியும். கல்யாணமான புதிதில் ஒருநாள் நான் காபி போட்டேன். தண்ணியாக இருக்கிறது என்றாள் என் அக்கா. அன்றோடு அந்த அறையைத் தெரிந்தவர்களிடம் விட்டுவிட்டேன்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை முதல் நாள். காபி ஆறுவதற்குள் குடித்தேன். முன்பெல்லாம் பேப்பர் படிக்கும் மும்முரத்தில் அப்படியே மறந்துவிடுவேன். இப்போது ஆவுடை டம்ளரை வலப்பக்கம் வைக்கிறாள்.

ஏப்ரல் 24, வியாழன்

குமரேசன் பேசினான். மே ஒன்பதாம் தேதி எல்லோரும் வருகிறார்கள். பதினொன்று, ஞாயிற்றுக்கிழமை, திருச்செந்தூர்.

"இந்தத் தடவ நான் ஓட்டுறேம்ப்பா. நீங்க புள்ளைங்க கூட உக்காந்து வாங்க."

"ஓசூர்லேருந்து ராவெல்லாம் பஸ்ல வர்றவன் நீ. என் வண்டி, என் வழி. நான் ஓட்டுறேன்."

"அதான் ஃபியூஸ் போகுதே."

"அதுக்குள்ள சரி பண்ணிருவேன்."

போனை ஆவுடையிடம் கொடுத்தேன். அவள் அதை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போய்ப் பேசினாள்.

மே 1, வியாழன்

ஏப்ரல் முழுதும் தேடியும் காரணம் கிடைக்கவில்லை. இருக்கிறது, என் அறிவுக்கு எட்டவில்லை, அவ்வளவுதான். ஆகவே ஒரு மாற்று ஏற்பாடு. புது நீல ஃபியூஸ் ஒரு பாக்கெட் வாங்கி டேஷ்போர்டில் வைத்துவிட்டேன். வழியில் அறுந்தால் ஓரமாக நிறுத்தி, மாற்றி, போய்க்கொண்டே இருக்க வேண்டியதுதான். கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டிப் பழகினேன். முறையல்ல என்று நானே சொன்னதுதான். ஆனால் குழந்தைகள் வருகிறார்கள்.

இதை ஆவுடையிடம் சொன்னபோது அவள் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கை நின்றது.

"அந்தப் புள்ளைங்கள வச்சுக்கிட்டா ஓட்டப் போறீங்க?"

"ஃபியூஸ் மாத்த ஒரு நிமிசம் ஆகாது" என்றேன்.

மே 5, திங்கள்

புதன்கிழமை சாத்தூர் வரை ஒரு வெள்ளோட்டம் விடலாம் என்றிருக்கிறேன். ஆவுடை தன்னால் வர முடியாது, கால் வலிக்கிறது என்கிறாள். தனியாகவே போகிறேன் என்றேன். சரியாகச் சாப்பிடவில்லை அவள்.

மே 6, செவ்வாய்

ஆவுடையைப் பாம்பு கடித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் இருக்கிறோம்.

மே 8, வியாழன்

ஆபத்தைத் தாண்டிவிட்டாள் என்று இன்று காலை டாக்டர் சொன்னார். சிறுநீரகத்தை மட்டும் இன்னும் சில நாட்கள் கவனிக்க வேண்டுமாம். அவள் தூங்குகிறாள். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். எழுதினால்தான் எனக்குப் பிடிபடும்.

செவ்வாய் சாயங்காலம், வெளிச்சம் நன்றாக இருந்தது. வெள்ளோட்டத்துக்காக டயர்களைப் பார்த்துவரப் போனேன். வேனின் இடப்பக்கமாக நடந்தேன். முன்சக்கரத்தின் அருகே 'உஸ்' என்று பலமாகச் சத்தம் கேட்டது. நின்றேன், கேட்டேன். மறுபடியும் வந்தது. டயரில் காற்று இறங்குகிறது என்று முடிவு செய்தேன். இன்னொரு கோளாறு என்று அலுத்துக்கொண்டேன். கழுத்து வலியோடு குனிவானேன் என்று அவளைக் கூப்பிட்டேன்.

"ஆவுடை, இந்த டயர்ல காத்து இறங்குது போல. கொஞ்சம் பாரு."

அவள் வந்து குனிந்து, சக்கரத்தின் மேல் கையை வைத்தாள்.

கண்ணாடி விரியன். செம்பருத்திக்குத் தண்ணீர் விட்ட ஈரத்தில் சக்கரத்தை ஒட்டிச் சுருண்டிருந்தது. புறங்கையில் கடித்துவிட்டுச் சுவரோரமாகப் போனது. அத்தனை பெரியது. நான் அதை ஒட்டித்தான் நடந்து வந்திருக்கிறேன். என் இடது காலுக்கும் அதற்கும் ஒரு முழம்கூட இருந்திருக்காது. நான் பார்க்கவில்லை.

அவளைப் படியில் உட்காரவைத்து, கையை அசைக்காதே என்றேன். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். பக்கத்து வண்டி வேறொரு விபத்துக்குப் போயிருந்தது, கொஞ்ச நேரமாகும் என்றார்கள். வேனில் ஏறிச் சாவியைத் திருப்பினேன். ஸ்டார்ட்டர் சுற்றியது. எஞ்சின் பிடிக்கவில்லை. பம்பு ஃபியூஸ் கருகியிருந்தது. டேஷ்போர்டைத் திறந்தேன். நான் வைத்த பாக்கெட் இல்லை. ஹாரன் ஃபியூஸைக் கழற்றி மாட்டியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை. எங்கே வைத்தேன், எங்கே வைத்தேன் என்றே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். மூளை போய்விட்டது, அதனால் அவள் சாகப்போகிறாள் என்று நினைத்தேன்.

படியிலிருந்து ஆவுடை சொன்னாள். "என்னங்க, பெருங்காய டப்பாவ எடுத்துட்டு வாங்க."

"பாம்புக் கடிக்குப் பெருங்காயம் வைக்கக் கூடாது, ஆவுடை. அதுக்கு எந்த ஆதாரமும் இல்ல."

"பாடம் பெறகு நடத்துங்க. டப்பாவ எடுத்துட்டு வாங்க."

சமையலறைக்குள் ஓடினேன். எந்த டப்பா எங்கே என்று எனக்கு என்ன தெரியும். மல்லி, கடுகு, வெந்தயம். வெளியிலிருந்து அவள் குரல் வந்தது. "அடுப்புக்கு மேல ரெண்டாவது தட்டு. மஞ்ச மூடி."

கொண்டுவந்து நீட்டினேன். "தொறங்க" என்றாள்.

பெருங்காயக் கட்டிகளுக்கு நடுவே நீல ஃபியூஸ்கள். மார்ச்சிலிருந்து நான் வாங்கி மாட்டியவை எல்லாம். அறுபடாதவை. மேலே புதுப் பாக்கெட், மடித்தபடியே. என் மேசை டப்பாவில் இருந்த கருகிய ஒன்றையே அவள் திரும்பத் திரும்ப மாட்டியிருக்கிறாள்.

நான் அவளைப் பார்த்தேன். "அதுல ஒன்ன மாட்டுங்க. வண்டிக்கு ஒன்னுமில்ல" என்றாள். கை அதற்குள் வீங்கத் தொடங்கியிருந்தது.

மாட்டினேன். ஒரே திருப்பலில் கிளம்பியது. கியரைப் போட்டு நேரே கேட்டைப் பார்த்தேன். அவள் உட்கார்ந்திருந்த படி எனக்கு இடப்பக்கம். தலையைத் திருப்பாமல் பார்த்தேன். இதுவரை ஒருநாளும் அப்படிச் சோதித்துப் பார்க்கத் துணிந்ததில்லை. கேட்டின் இடது தூண் இல்லை. செம்பருத்தி இல்லை. ஆவுடை இல்லை. இருட்டாகவும் இல்லை. அங்கே ஒன்றுமே இல்லாததுபோல இருந்தது. திருப்பினேன், இருந்தாள். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எஞ்சினை ஓடவிட்டு இறங்கினேன். தெருவில் நின்று கத்தினேன். அதற்கு முன் நான் கத்தி அந்தத் தெருவில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

"அண்ணாச்சி. மரியசெல்வம் அண்ணாச்சி."

பனியனோடு ஓடிவந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"ஐயையோ, கார மக எடுத்துட்டுப் போயிட்டாளே சார்வாள்."

"என் வேன் இருக்கு."

"அதுதான் ஓடாதே."

"ஓடுது. வண்டி சரியாத்தான் இருக்கு. எனக்குத்தான் இடது பக்கம் கண்ணு தெரியல. நீங்க ஓட்டுங்க."

ஏதாவது கேலி வரும் என்று எதிர்பார்த்தேன். அவர் ஆவுடையைக் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கிப் பின்சீட்டில் வைத்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையை அசையாமல் பிடித்துக்கொண்டேன். அவர் ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டு ஓட்டினார். ரயில்வே கேட் திறந்திருந்தது. "நமக்குன்னா தொறந்து வைப்பான்" என்று ஒரு தடவை முணுமுணுத்தார்.

வழியில் ஆவுடை கண்ணை மூடியபடியே கேட்டாள். "அண்ணாச்சிகிட்ட நெசமாவே சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

"தெருவுல நின்னா?"

"ஆமா."

ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சர் வந்தபோது என் சட்டைப்பையில் இன்னும் அந்த டப்பா இருந்தது.

மே 10, சனி

குமரேசன் குடும்பம் நேரே ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டது. குழந்தைகள் வராந்தாவில் விளையாடுகிறார்கள்.

அவர்கள் சாப்பிடப் போனபோது ஆவுடையிடம் கேட்டேன். "உனக்கு எப்பத் தெரியும்?"

"பொங்கலுக்கு முந்தியே. காப்பிய இடது பக்கம் வச்சா எடுக்கவே மாட்டீங்க, ஆறிக் கெடக்கும். வலது பக்கம் மாத்தி வச்சேன், குடிச்சீங்க. அப்பவே தெரிஞ்சுபோச்சு. அந்தச் சைக்கிள்காரனுக்குப் பெறகு எனக்குத் தூக்கமே இல்ல."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா?" என்றாள். "உங்க அக்கா ஒரு நாள் காப்பி தண்ணியா இருக்குன்னாங்க. அதோட அடுப்படிய விட்டீங்க. ஆண்டு விழாவுல எவனோ குரல் நடுங்குதுன்னான், அதோட மேடைய விட்டீங்க. கண்ணு தெரியலன்னு நான் ஒரு வார்த்த சொன்னா வண்டிய மட்டுமா விடுவீங்க? மூலையில நாற்காலியப் போட்டு உக்காந்துருவீங்க, வாசலுக்கே வர மாட்டீங்க. அத நான் பாத்துக்கிட்டு இருக்கணுமா? அதான் பழிய வண்டி மேல போட்டேன். வண்டிக்கு வலிக்காதுல்ல."

"சவரிமுத்துவுக்குத் தெரியுமா?"

"மோந்து பாத்துக் கண்டுபுடிச்சிட்டான். அண்ணாச்சிக்கு நான் சொன்னேன்."

வேதியியல் படித்தவன் முகர்ந்து கந்தகம் என்றேன். அதை நினைத்து இருவரும் கொஞ்சம் சிரித்தோம். பிறகு அவள் முகம் மாறியது.

"அந்த டப்பாவ வச்சுக்கிட்டு, எனக்கு ஞாபகம் போகுதோன்னு கேட்டீங்க பாருங்க. அன்னைக்கே சொல்லியிருக்கணும். உங்க கண்ணக் காப்பாத்தப் போயி உங்க மூளைய நீங்களே சந்தேகப்பட வச்சிட்டேன். அது தப்பு."

சொல்லக் கூடியவை பல இருந்தன. பாம்பைப் பார்க்காமல் தாண்டியதையும், அவளை அங்கே குனியச் சொன்னதையும் சொல்ல வாயெடுத்தேன். இடது கையால் என் வாயைப் பொத்தினாள்.

மே 20, செவ்வாய்

ஆவுடை வீட்டுக்கு வந்துவிட்டாள். குமரேசன் என்னைக் கண் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனான். அதே கருவி, அதே பெண். இந்த முறை தெரிவதுபோலத் தோன்றினாலே அழுத்தினேன். முடிவு போன முறையைவிட மோசம். கண் அழுத்தத்தால் நரம்பு அழிந்தது திரும்பாது, மீதியைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். சொட்டு மருந்து, காலையும் இரவும்.

"இனி நீங்க வண்டி ஓட்டக் கூடாது" என்றார்.

"தெரியும்" என்றேன். குமரேசன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

மே 25, ஞாயிறு

திருச்செந்தூர் போய்வந்தோம். குமரேசன் ஓட்டினான். நான் நடுவரிசையில் பேத்திக்கும் பேரனுக்கும் நடுவே உட்கார்ந்தேன். கடல் எந்தப் பக்கம் வரும் என்று கேட்டுக்கொண்டே வந்தார்கள். வண்டி எங்கும் நிற்கவில்லை. உள்ளே லேசாகப் பெருங்காய வாசனை வந்தது.

மே 27, செவ்வாய்

அவர்கள் நேற்று ஊருக்குப் போய்விட்டார்கள். வேனின் சாவியை மரியசெல்வத்திடம் கொடுத்து வைத்திருக்கிறேன். தேவைப்பட்டால் அவர் ஓட்டுவார். "சார்வாள், டிரைவர் வேலைக்கு யூனிபாரம் உண்டா?" என்றார்.

ஆவுடையின் வலது கையில் வீக்கம் முழுதாக வடியவில்லை. டம்ளரைப் பிடிக்கிறாள், பாத்திரத்தைத் தூக்க முடியவில்லை. அதனால் காலையில் நான் சமையலறைக்குள் போனேன். காபித் தூள் எங்கே என்று கேட்காமல் தேடினேன். மஞ்சள் மூடிக்குப் பக்கத்தில் இருந்தது. பால் பொங்கி அடுப்பில் கொஞ்சம் வழிந்தது. துடைத்தேன்.

டம்ளரை அவளுக்கு இடப்பக்கம் வைத்தேன். ஒரு வாய் குடித்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு டம்ளரைப் பார்த்தாள். எதையோ தீர்மானிப்பதுபோலக் கொஞ்ச நேரம் இருந்தாள்.

"தண்ணியா இருக்கு" என்றாள்.

"ரொம்பவா?"

"ரொம்பத்தான்."

டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். தூள் இன்னும் ஒரு கரண்டி கூடுதலாகப் போட்டு, மறுபடியும் கலக்கினேன்.